ஊர் போட்ட 4 பைசா... அரசுப் பள்ளிகளை ‘நம்ம பள்ளி’ ஆக்கிய நெ.து.சுந்தரவடிவேலு: யார் இவர்?

மேளதாளம் முன்னால் போகிறது. பின்னால் பெண்கள் தாம்பாளத் தட்டுகளோடு வரிசையாக நடக்கிறார்கள். ஏதோ கல்யாண வீட்டுச் சீர்வரிசை என்றுதான் நினைப்போம். ஆனால் ஊர்வலம் போய் நிற்பது ஓர் அரசுப் பள்ளி வாசலில். தட்டுகளில் நோட்டு, பேனா, சுவர்க் கடிகாரம், குடம், விளையாட்டுச் சாமான்கள். பின்னால் வரும் வண்டியில் பீரோ, நாற்காலி. ‘கல்விச் சீர்’ என்று இதற்குப் பெயர். இந்த மாதிரி வீடியோக்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும்.

பார்க்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் இது ஏதோ புதுசாக வந்த பழக்கம் இல்லை. 65 வருஷத்துக்கும் முன்னாலேயே ஓர் அரசு அதிகாரி இதை மாநிலம் முழுக்க ஓர் இயக்கமாகவே நடத்திக் காட்டியிருக்கிறார். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதை ஊர் முன்னால் வைத்து, ஊரையே செய்ய வைத்தவர். அவர்தான் நெ.து.சுந்தரவடிவேலு. சுருக்கமாக நெ.து.சு.

மதிய உணவுத் திட்டம் என்றதும் நமக்கு காமராஜர் நினைவுக்கு வருவார். அது சரிதான். ஆனால் காமராஜர் நினைத்ததை ஃபைலில் ஏற்றி, கணக்குப் போட்டு, ஊர் ஊராகப் போய் நடத்தி வைத்த கை இவருடையது. இவருடைய கதையை இப்போது ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? உங்கள் ஊர் அரசுப் பள்ளி யாருடையது என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

நெய்யாடுபாக்கத்துப் பையன்

நெ.து. என்பதில் ‘நெ’ ஊர் பெயர், ‘து’ அப்பா பெயர். காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள நெய்யாடுபாக்கம் கிராமத்தில், துரைசாமியின் மகனாக 1912 அக்டோபர் 12-ல் பிறந்தார். காஞ்சிபுரத்தில் உயர்நிலைப் பள்ளி, பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பையன் எம்.ஏ. வரை வருவது சாதாரண விஷயம் இல்லை. பெரும்பாலான ஊர்களில் படிப்பு என்பது வசதி உள்ள சில வீடுகளோடு நின்றுபோன காலம் அது.

இளமையிலேயே பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டார். குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம் அம்மையாரைச் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டார். படிப்பு எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்பது அவருக்கு அரசாங்க உத்தரவாக வந்த வேலை இல்லை, சொந்த நம்பிக்கை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவர் செய்தது புரியும்.

அரசுப் பணியில் முதலில் அவர் பார்த்தது பஞ்சாயத்துத் துறை வேலை. அப்புறம்தான் கல்வித்துறைக்கு வந்தார். இந்த வரிசை முக்கியம். பள்ளிக்கூடத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் ஊரைப் பார்த்துவிட்டார். ஒரு கிராமத்தில் யார் சொன்னால் காரியம் நடக்கும், எந்த மாதத்தில் கையில் காசு இருக்கும், எதற்கு ஒன்று கூடுவார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் பஞ்சாயத்து வேலை பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது. கல்வித்துறையில் படிப்படியாக உயர்ந்து தலைமைப் பதவிக்கு அவர் வந்தபோது இந்த அனுபவமும் கூடவே வந்தது.

1954: நாற்காலி கிடைத்தது, நெருக்கடியும் சேர்ந்து

1953-ல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். வந்த வேகத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அதே 1954-ல், நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். ஆங்கிலத்தில் இந்தப் பதவியின் சுருக்கம் டி.பி.ஐ. சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்தை இன்றைக்கும் ஆட்டோக்காரர் முதல் ஆசிரியர் வரை டி.பி.ஐ. என்றே சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்தப் பதவியில் இருந்து வந்ததுதான்.

பதவி பெரியது, சிக்கல் அதைவிடப் பெரியது. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அரசின் இலக்கு. பள்ளி இல்லாத சின்னச் சின்ன ஊர்களுக்கும் பள்ளி போக வேண்டும். இலக்கு சரி, பணம்? பல இடங்களில் பள்ளி என்றால் ஒரு கூரைக் கொட்டகை, ஒரே ஒரு வாத்தியார், உட்கார மண் தரை. கரும்பலகையே இல்லாத பள்ளிகளும் உண்டு.

ஆசிரியர்களின் நிலையும் மோசம். ஓய்வு பெற்றால் கையில் ஒன்றும் இல்லை என்ற பயம். 1955-ல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த மும்முனைப் பயன் திட்டம் வந்தது. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது கிடைத்தது. ஊரை வேலைக்குக் கூப்பிடும் முன், பள்ளிக்குள் இருப்பவருக்கு ஒரு பிடிமானம் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளி இருக்கு, பிள்ளைகள் எங்கே?

பள்ளியைத் திறந்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? வரவில்லை. ஏழை வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை என்றால் அது மாடு மேய்க்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும், நாலு காசு கூலி கொண்டுவரும். பள்ளிக்கு அனுப்பினால் அந்த வேலையும் போச்சு, மதியச் சாப்பாட்டுக்கும் வழியில்லை. அப்படியே வந்தாலும் வெறும் வயிற்றோடு பாடம் எப்படி ஏறும்?

மதிய உணவு போடலாம் என்ற எண்ணம் முற்றிலும் புதுசு இல்லை. 1920-ல் நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் அது நகரத்தின் சில பள்ளிகளோடு நின்ற முயற்சி. மாநிலம் முழுக்க, கிராமங்களில், எந்தப் பணத்தை வைத்துச் செய்வது?

இங்கேதான் நெ.து.சு. வேறு வழியில் யோசித்தார். கஜானா திறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலில் ஊர் ஆரம்பிக்கட்டும், அது நடக்கும் என்று காட்டிவிட்டு அரசிடம் கேட்கலாம் என்று இறங்கினார். கோயில் திருவிழாவுக்கும் அன்னதானத்துக்கும் கொடுத்துப் பழகிய மக்கள், பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்க மாட்டார்களா என்பது அவருடைய நம்பிக்கை. கல்வித்துறை அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசினார்கள். காசாகக் கொடுக்க முடியாதவர்கள் அறுவடை நேரத்தில் தானியமாகக் கொடுக்கலாம். விறகும் காய்கறியும் கொடுத்தால்கூடப் போதும்.

1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிச்சை எடுக்கவும் தயங்க மாட்டேன் என்ற தொனியில் முதல்வரே ஊர் மக்களிடம் பேசினார் என்பது இன்றும் பேசப்படும் விஷயம். ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

நாலு பைசா கணக்கு

ஊர்கள் செய்து காட்டிய பிறகு, 1957 நவம்பரில் அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு 10 பைசா என்று கணக்கு. அதில் 6 பைசா அரசு, 4 பைசா ஊர். ஆண்டுக்கு 200 நாள்.

இப்போது கேட்டால் 4 பைசாவா என்று சிரிப்பு வரும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் 50 பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு நாள் செலவு 5 ரூபாய். அரசு 3 ரூபாய் தரும், ஊர் 2 ரூபாய் போட வேண்டும். 200 நாளுக்கு ஊர்ப் பங்கு மட்டும் 400 ரூபாய். 1957-ல் ஒரு கிராமத்துக்கு இது பெரிய தொகை. ஒரு பணக்காரர் ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் பல வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் வருஷா வருஷம் நிற்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தினமும் பள்ளியில் அடுப்பு எரிகிறதா, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், வாத்தியார் வந்தாரா என்று கேட்கும் உரிமை, அந்த 4 பைசா போட்டவருக்குத் தானாகவே வந்துவிடுகிறது. ஆய்வாளர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வருவார். ஊர்க்காரர் தினமும் அந்த வழியாகத்தான் போவார். மேல் அதிகாரியின் ஜீப்பைவிட இந்தக் கண்காணிப்புக்கு வலு அதிகம்.

கடம்பத்தூரில் நடந்தது என்ன?

சாப்பாட்டுக்கு ஊர் வருகிறது. அப்படியானால் கட்டடத்துக்கு? பெஞ்சுக்கு? இந்தக் கேள்வியில் இருந்து பிறந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு 1958-ல் கடம்பத்தூரில் நடந்தது. சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டினால் வருமே, அந்த ஊர்தான். அன்று அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

மாநாடு என்றதும் கொடி, பந்தல், மைக் என்று நினைக்க வேண்டாம். மேடைக்கு வருவதற்கு முன்னால் நடந்த வேலைதான் முக்கியம்.

* முதல் படி, பட்டியல். ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறை என்று ஆசிரியரும் கல்வி அதிகாரியும் பார்த்து எழுதுவார்கள். சுவர் விரிசலா, கூரை ஒழுகுகிறதா, எத்தனை பெஞ்ச் வேண்டும், கரும்பலகை, வரைபடம், தண்ணீர்ப் பானை, மணி, கடிகாரம் இருக்கிறதா என்று பொருள் வாரியாக.

* இரண்டாவது, விலை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு என்று போட்டுவிடுவார்கள். பள்ளிக்கு உதவி செய்யுங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. இரண்டு பெஞ்ச் வேண்டும், இவ்வளவு ஆகும் என்றால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருத்தர் எழுந்து நிற்பார்.

* மூன்றாவது, ஊர்க் கூட்டம். பட்டியலை ஊர் முன்னால் வைத்து, யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொள்வார்கள். நிலம் உள்ளவர் நிலம், தச்சர் பெஞ்ச், காசு இல்லாதவர் உடல் உழைப்பு.

* நான்காவதுதான் மாநாடு. சுற்று வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து, யார் என்ன செய்தார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லும் இடம். முதல்வர் காமராஜர், கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் போன்றவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

கடைசிப் படிக்கு ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்து ஊர் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிவிட்டது என்று மேடையில் அறிவித்தால், நம்ம ஊர்க்காரர் சும்மா இருப்பாரா? தேர் யாருடையது பெரிசு என்று போட்டி போட்ட ஊர்கள், பள்ளி யாருடையது நல்லா இருக்கு என்று போட்டி போட ஆரம்பித்தன. நம்ம கிராமங்களில் இருக்கும் இந்த ரோஷத்தை நெ.து.சு. நல்ல வேலைக்குத் திருப்பிவிட்டார்.

கடம்பத்தூருக்குப் பிறகு மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. பணமாகவும் பொருளாகவும் மக்கள் கொடுத்தது கோடிக்கணக்கான ரூபாய் மதிப்பு. கட்டடம், மேசை நாற்காலி மட்டுமல்ல, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் பல ஊர்களில் நன்கொடையாகவே வந்தது. கிழிந்த சட்டைக்கு வெட்கப்பட்டு வீட்டில் நின்ற பிள்ளைக்கும், பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே நிறத்தில் சட்டை. சாதி மறுத்துத் திருமணம் செய்தவருக்கு இது துணி விஷயம் மட்டுமாக இருந்திருக்காது.

1961-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எல்லாமே நல்லாத்தான் நடந்துச்சா?

இந்த இடத்தில் சில நியாயமான கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்று, அரசு செய்ய வேண்டியதை ஊர் தலையில் கட்டுவதா? இந்தச் சந்தேகம் அன்றும் எழக்கூடியதுதான், இன்றும் எழுகிறது. மதிய உணவில் நெ.து.சு. காலத்து ஏற்பாடு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. ஊர் 4 பைசா போட்டால் அரசு 6 பைசா போட்டே தீர வேண்டும். ஊர் கொடுத்ததால் அரசின் பங்கு குறையவில்லை, கூடியது. இந்த விகிதம் தலைகீழாகப் போகும்போதுதான் ஆபத்து.

இரண்டு, பணக்கார ஊர் நிறையக் கொடுக்கும், ஏழை ஊர் என்ன செய்யும்? உண்மையிலேயே உதவி வேண்டிய பள்ளி, கொடுக்க ஆள் இல்லாத ஊரில்தான் இருக்கும். ஊர்ப் பங்கை மட்டும் நம்பினால் இந்த இடைவெளி தானாகக் குறையாது. அறுவடை பொய்த்த வருஷத்தில் ஊர்ப் பங்கும் பொய்க்கும்.

மூன்று, பெஞ்ச் வாங்கிக் கொடுத்தவர் நாளைக்குப் பள்ளியே என்னுடையது என்று நின்றால்? கொடுக்கிற கை பெரும்பாலும் நிலம் வைத்திருக்கிற கை. அந்தப் பள்ளியில் படிப்பது அவர் வயலில் வேலை பார்ப்பவரின் பிள்ளை. எல்லாருடைய பங்கும், அது சின்னதானாலும், சேர வேண்டும் என்பதற்கான காரணம் இதுதான். ஒரே புரவலர் கொடுத்தால் அது தர்மம். ஊரே கொடுத்தால்தான் அது பொதுப் பள்ளி.

மதிய உணவில் ஊர்களின் பங்கு காலப்போக்கில் தேய்ந்தது. 1961-ல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால்பவுடர் போன்ற உணவுப் பொருள்கள் வர ஆரம்பித்தன. 1982 ஜூலையில் முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது முழுப் பொறுப்பையும் அரசே எடுத்துக்கொண்டது. 2022-ல் காலை உணவுத் திட்டமும் வந்தது. பசியைப் பொறுத்தவரை இது சரியான திசை. ஒரு பிள்ளையின் சாப்பாடு ஊர்க்காரரின் மனநிலையையும் மழையையும் நம்பி இருக்கக் கூடாது.

ஆனால் அந்த 4 பைசாவோடு சேர்ந்து, பள்ளியைத் தினமும் எட்டிப் பார்க்கும் பழக்கமும் பல ஊர்களில் போய்விட்டது. இழப்பு என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் என்ன ஆனார்?

பள்ளிக் கல்வியில் நீண்ட காலம் பொறுப்பில் இருந்த பிறகு, டெல்லியில் மத்திய கல்வி அமைச்சகத்திலும் பணியாற்றினார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கிராமத்துத் திண்ணைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை, கல்வியின் எல்லாப் படியிலும் நின்று பார்த்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

எழுத்திலும் நிறையச் செய்தார். சோவியத் நாட்டுப் பயணங்களைப் பற்றியும், பெரியாரைப் பற்றியும் புத்தகங்கள் எழுதினார். ‘நினைவு அலைகள்’ என்ற தலைப்பில் மூன்று பகுதிகளாக வந்த அவருடைய தன்வரலாறு, அந்தக் காலத்துக் கல்வித்துறை எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு நல்ல ஆவணம். 1993 ஏப்ரல் 12-ல் காலமானார்.

இன்றைக்கு நமக்கு இதில் என்ன?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வேலையைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, எல்லாம் இந்தக் குழுவின் வேலை.

யோசித்துப் பாருங்கள். நெ.து.சு. காலத்தில் ஊர்க்காரர் 4 பைசா போட்டுத்தான் கேள்வி கேட்கும் உரிமையைப் பெற்றார். இன்றைக்கு அந்த உரிமையைச் சட்டமே கையில் கொடுத்திருக்கிறது, ஒரு பைசா போட வேண்டாம். கூலி வேலைக்குப் போகும் அம்மாவும் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

பெஞ்ச், பீரோ வாங்கிக் கொடுப்பது நல்லதுதான், கல்விச் சீர் ஊர்வலமும் நல்லதுதான். ஆனால் கடம்பத்தூரில் வேலை தொடங்கியது ஊர்வலத்தில் இல்லை, பட்டியலில். நம்ம பள்ளியில் எத்தனை கழிவறை, எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? இதை எழுத ஒரு பேப்பரும் ஒரு மணி நேரமும் போதும். எழுதியதில் அரசு செய்ய வேண்டியது எது, ஊர் செய்யக்கூடியது எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்த முறை பிள்ளையின் டைரியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று எழுதி வந்தால், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீங்க. அந்தப் பட்டியலோடு ஒரு தடவை போய் உட்காருங்க.

நெ.து.சு. - சில வரிகளில்

1912: நெய்யாடுபாக்கத்தில் பிறப்பு
1954: பொதுக்கல்வி இயக்குநர்
1956: மதிய உணவு, ஊர்ப் பங்கில் தொடக்கம்
1957: அரசு மானியம் (6 பைசா அரசு, 4 பைசா ஊர்)
1958: கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு
1961: பத்மஸ்ரீ
1969-75: சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்
1993: மறைவு